ஓவியர்களின் பயணப்படி

மத்திய அரசு அலுவலகங்களில் பயணப்படிப் பட்டியல் என்றொரு தாள் உண்டு. எவ்வூரினின்று எவ்வூருக்கு, எந்நாளில், யாருடைய ஆணையின்படி, எவ்வளவு செலவில் என்னும் வினாக்களுக்கெல்லாம் அதில் விடை எழுதப்பெற்றிருத்தல் வேண்டும். அத்தாள்களைச் சரிபார்ப்பதே பல்லாண்டுகளாக என் தொழில். கலை வரலாற்று நூல்களைப் புரட்டும் ஓய்வுப் பொழுதிலும் இப்பழக்கம் என்னை விட்டபாடில்லை. ஓர் ஓவியன் கல்கத்தாவுக்குச் சென்றான், உதகைக்குச் சென்றான் என்று படித்தவுடனே, செலவை ஏற்றவர் யார், உடன் சென்றவர் எவர், திரும்பி வந்தபின் கணக்குத் தீர்ந்ததா என்று மனம் கேட்கத் தொடங்கிவிடுகிறது. அழகைக் காண வேண்டிய இடத்தில் கணக்குப் பார்க்கலாமோ என்று நண்பர்கள் நகைப்பர். எனினும் இவ்வாறு பார்த்ததால், நாம் குடியேறி வாழும் இம்மைசூர் நகரின் ஓவியங்கள் எனக்குச் சற்று வேறுவிதமாகத் தோன்றலாயின. அதனை நம் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மைசூர் ஓவியத்தின் கதையே ஓர் இடப்பெயர்ச்சியில் தொடங்குகிறது. 1565ஆம் ஆண்டில் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விசயநகரம் சீரழிந்தபோது, அவ்வரசவையை நம்பி வாழ்ந்த சித்திரக்காரர் குடும்பங்கள் தெற்கு நோக்கிப் பல திசைகளில் பிரிந்தன. சிலர் தஞ்சை நாயக்கர் அவையை அடைந்தனர். சிலர் சீரங்கப்பட்டணத்தில் இராச உடையாரின் ஆதரவைப் பெற்றனர். இன்று தஞ்சாவூர் ஓவியம் என்றும் மைசூர் ஓவியம் என்றும் நாம் பிரித்துப் பேசுவன, ஒரே வீட்டிலிருந்து கிளம்பிய பங்காளிகள் போன்றவையே. தஞ்சாவூர்ப் படத்தில் மக்கு தடித்து மேலெழும். பொற்றகடும் கண்ணாடிக் கற்களும் எட்ட நின்று பார்ப்போரையும் அழைக்கும். மைசூர்ப் படத்திலோ பொன் வேலைப்பாடு மிக மெல்லிதாய்த் தாளோடு படிந்திருக்கும். அருகில் சென்று குனிந்து பார்த்தாலன்றி அதன் நயம் புலப்படாது. தஞ்சை மாவட்டத்தினின்று வந்த உறவினர் சிலர், 'இதில் தங்கம் குறைவாக அல்லவா இருக்கிறது!' என்று குறைபட்டுக்கொண்டதுண்டு. பங்காளி வீட்டு நகையை எடை போடும் பழக்கம் நமக்கு எளிதில் போவதில்லை.

அப்பழைய குடிபெயர்ச்சியில் எவர் பெயரும் நமக்குக் கிட்டவில்லை. பெயரோடு மைசூருக்கு வந்த ஓவியர்களுள் முதன்மையானவர் இராசா இரவிவர்மா. 1885ஆம் ஆண்டில் சாமராசேந்திர உடையாரின் அழைப்பின்பேரில் அரச குடும்பத்தினரின் உருவப்படங்களை எழுத அவர் இங்கு வந்தார். பெங்களூரிலிருந்து மைசூருக்கு இருப்புப்பாதை வந்து அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1888இல் பரோடா மன்னர் பதினான்கு புராணப் படங்களை எழுதித் தருமாறு அவரைப் பணித்தார். அவற்றிற்கு உரிய உடையும் அணியும் எவை என்றறிய, இரவிவர்மா தம் தம்பி இராசராசவர்மாவோடு வடநாடு முழுதும் சுற்றினார். ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வோர் உடை இருப்பதைக் கண்ட அவர், தம் படத்து நாயகியர்க்குச் சேலையையே பெரிதும் உடுத்தினார். இன்று நம் வீடுகளில் சீதைக்கும் தமயந்திக்கும் மனக்கண்ணில் நாம் உடுத்திப் பார்க்கும் சேலை, அந்தப் பயணத்தின் பயனாக வந்தது என்றே கூறலாம்.

தம்பியைப் பற்றி இங்கு ஒன்று சொல்ல வேண்டும். இராசராசவர்மாவும் தேர்ந்த ஓவியரே. இயற்கைக் காட்சிகளை வரைவதில் தனித்திறன் உடையவர். பயண ஏற்பாடு, கடிதப் போக்குவரத்து, வரவு செலவு ஆகிய அனைத்தையும் அவரே கவனித்தார். தமையனாரின் படங்கள் பலவற்றில் அவர் தூரிகையும் வேலை செய்தது. 1895 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர் எழுதிய ஆங்கில நாட்குறிப்பு கிடைத்திராவிட்டால், இப்பயணங்களைப் பற்றி நாம் அறிந்திருப்பது மிகச் சொற்பமே. 1904இல் நால்வடி கிருட்டிணராச உடையாருக்காக ஒன்பது புராணப் படங்களை எழுதும் பணியில் சகோதரர் இருவரும் ஈடுபட்டனர். தம்பி நோயுற்று 1905 தொடக்கத்தில் மறைந்தார். அண்ணன் மனம் தளர்ந்த நிலையிலும் பணியைத் தொடர்ந்து, 1906 அக்டோபர் 2ஆம் நாள் கிளிமானூரில் உயிர் நீத்தார். அவ்வொன்பது படங்களையும் இன்று நாம் சகன்மோகன அரண்மனைக் கலைக்கூடத்தில் காண்கிறோம். கையொப்பம் அண்ணனுடையது மட்டுமே.

இன்னும் சற்றுப் பின்னே சென்றால் நம்மவர் ஒருவரையும் காணலாம். திருவிதாங்கூர் அவையில் எண்ணெய் வண்ணத்தில் வல்லவராயிருந்தவர் மதுரையைச் சேர்ந்த இராமசாமி நாயக்கர். இளைஞரான இரவிவர்மாவுக்கு அவர் அக்கலையைக் கற்பிக்க மறுத்துவிட்டார் என்றும், அவருடைய மாணவரான ஆறுமுகம் பிள்ளை என்பவர் எவருமறியாமல் அதன் நுட்பங்களைச் சொல்லிக் கொடுத்தார் என்றும் வரலாற்றாசிரியர் எழுதுவர். நாயக்கர் மறுத்ததைப் பலரும் பழிப்பர். என்னால் அவ்வாறு பழிக்க இயலவில்லை. வெளியூரினின்று வந்து ஒரு வித்தையை மட்டுமே முதலாகக் கொண்டு பிழைப்பவன், அதனை அரச குடும்பத்துடன் உறவு பூண்ட இளைஞன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டால் பிறகு எதைக் கொண்டு வாழ்வான்? ஆறுமுகம் பிள்ளையின் செயல் பெருந்தன்மையுடையது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் வரைந்த படம் இது என்று சுட்டிக் காட்ட நம்மிடம் ஒன்றும் இல்லை. உலகறிந்த ஓவியர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு வரியாக மட்டும் அவர் நிற்கிறார்.

இனி என் மனத்தில் நீண்ட நாளாக இடம் பிடித்திருக்கும் ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன். அவர் கே. வெங்கடப்பா. மைசூர் அவையைச் சார்ந்த பரம்பரைச் சித்திரக்காரர் குடும்பத்தில் 1886இல் பிறந்தவர். அவருடைய திறனைக் கண்ட நால்வடி கிருட்டிணராச உடையார், அரசுச் செலவில் அவரைக் கல்கத்தா ஓவியப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கு அவனீந்திரநாத் தாகூரின் மாணவராக ஆண்டுகள் பல பயின்றார். நந்தலால் போசு அவருடைய உடன் மாணாக்கர். சகோதரி நிவேதிதை தொடங்கி ஆனந்த குமாரசுவாமி நிறைவு செய்து 1913இல் வெளிவந்த புராணக் கதை நூலில் வெங்கடப்பாவின் படங்களும் உள. கல்கத்தாவிலேயே தங்கியிருந்தால் வங்காள ஓவியர் வரிசையில் அவர் பெயர் இன்னும் உரக்க ஒலித்திருக்கும். அவர் 1916இல் மைசூருக்குத் திரும்பினார்.

திரும்பி வந்தவரை ஊர் எவ்வாறு நடத்தும் என்பது நம் போன்றோர் அறியாததன்று. அவர் எவரோடும் எளிதில் ஒட்டாதவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. வீணை சேசண்ணாவிடம் வீணை பயிலத் தொடங்கி அதிலேயே ஆழ்ந்துபோனார். அப்பித்தைப் பொருளாகக் கொண்டு ஒரு படமும் எழுதினார். தம் படங்களை விற்பதில் நாட்டமின்றி இருந்தார். ஆனால் தாம் செய்த வேலைக்கு உரிய மதிப்பில் ஒரு காசு குறைவதையும் பொறுக்க மாட்டார். இவை இரண்டும் முரண் என்று சிலர் கருதுவர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. விலைக்குத் தராதவனுக்கே தன் பொருளின் மதிப்பு நன்கு தெரியும்.

தமிழராகிய நமக்கு அவருடைய படங்களுள் மிகவும் நெருக்கமானவை உதகையிலும் கொடைக்கானலிலும் வரைந்த நீர்வண்ணக் காட்சிகளே. 1920களிலும் 1930களிலும் அம்மலைகளுக்குச் சென்று தங்கி அவற்றை எழுதினார். கல்கத்தாவில் கற்ற புகைபோன்ற வண்ணப் பூச்சை அங்கு அவர் கைவிட்டார் எனலாம். மலைச்சரிவில் காலை ஒளி விழுதல், மழை மேகம் கலைதல், ஏரிக்கரை மரங்கள் நிழலாதல் ஆகியவற்றைச் சிறு தாள்களில் அணு அணுவாகத் தீட்டினார். அவற்றில் மனிதரைக் காண்பது அரிது. உதகைக்கு நாம் ஆண்டுதோறும் பேருந்தில் சென்று, தாவரப் பூங்காவில் படம் எடுத்துக்கொண்டு, வறுக்கியும் தைலமும் வாங்கி மாலையே திரும்பிவிடுகிறோம். அதே மலையை ஒருவர் நாட்கணக்கில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்பதை அப்படங்களின் முன் நிற்கும்போதுதான் உணர்கிறோம். பெங்களூர் கசுதூர்பா சாலையில் அவர் பெயரால் அமைந்த கலைக்கூடம் 1970களில் எழுந்தது.

ஆனால் அவர் வாழ்வின் பிற்பகுதி வழக்கு மன்ற வாசலில் கழிந்தது. அரண்மனையின் அம்பா விலாசத்துக்காகச் சுதையில் புடைப்புச் சிற்பங்கள் செய்யும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. 1940 ஆகசுடில் நால்வடியார் மறைந்தார். வாய்மொழியாலும் நல்லெண்ணத்தாலும் நடந்துவந்த ஏற்பாடு, அம்மன்னர் இல்லாதபோது தாள்களின் வலிமையை நாடியது. ஓவியரும் தமக்குரிய ஊதியம் வேண்டி வழக்குத் தொடர்ந்தார். மைசூரை விட்டுப் பெங்களூருக்குக் குடிபெயர்ந்து, 1965இல் மறையும் வரை அங்கேயே தனித்து வாழ்ந்தார். நாட்குறிப்பு எழுதுவதில் மிகுந்த ஒழுங்குடையவர் அவர். இத்துணைக் குறிப்பு வைத்திருந்தவருக்கே இந்நிலை எனின், குறிப்பே இல்லாதவரின் நிலை என்ன என்று அலுவலகக் கோப்புகளோடு வாழும் என் போன்றோர் எண்ணாமலிருக்க முடியாது.

சகன்மோகன அரண்மனையைப் பற்றிப் பேசுகையில் ஒரு படத்தை விட்டுவிட்டால் அன்பர்கள் பொறுக்கமாட்டார்கள். கையில் விளக்கேந்தி நிற்கும் பெண்ணின் படத்தைக் குறிப்பிடுகிறேன். ஊரிலிருந்து வரும் விருந்தினரை அங்கு அழைத்துச் செல்லும் கடமை மைசூர்வாழ் தமிழர் ஒவ்வொருவருக்கும் உண்டு. விருந்தினர் ஒவ்வொருவரும் அப்படத்தின் முன் நின்று, 'இரவிவர்மா எப்படி வரைந்திருக்கிறார் பாருங்கள்!' என்று வியப்பதும் உண்டு. அதனை வரைந்தவர் சாவந்தவாடியில் பிறந்து பம்பாயில் கற்றுத் தேர்ந்த எசு. எல். அல்தங்கர். தீபாவளிக் காலத்தில் விளக்கோடு நின்ற தம் மகளைக் கண்டு 1945-46ஆம் ஆண்டளவில் நீர்வண்ணத்தில் எழுதினார். அல்தங்கர் 1968இல் மறைந்தார். படத்திலிருந்த அம்மகள் நூற்றிரண்டு வயது வரை வாழ்ந்து 2018இல் கோலாப்பூரில் காலமானார். விரல்களின் இடையே கசியும் செவ்வொளியை நீர்வண்ணத்தில் கொணர்வது எத்துணைக் கடினம் என்று ஓவியம் அறிந்தோர் கூறக் கேட்டிருக்கிறேன். பெயர்ப்பலகை அருகிலேயே இருந்தும், வந்தவர் நாவில் வருவது இரவிவர்மாவின் பெயரே. பெரிய பெயர் ஒன்று சின்னப் பெயரை விழுங்குவதற்கு எவரும் சூழ்ச்சி செய்ய வேண்டியதில்லை. நாம் பலகையைப் படிக்காமலிருந்தால் போதும்.

இரவிவர்மாவின் பெயர் இவ்வாறு பரவியதற்கு அரண்மனைகளை விட அச்சுக்கூடமே பெருங் காரணம். 1894இல் அவர் தொடங்கிய கல்லச்சுக்கூடத்திலிருந்து இலக்குமியும் சரசுவதியும் ஏழை எளியவரின் பூசை அறைகளை அடைந்தனர். அவ்வழியிலேயே பின்னர்ச் சிவகாசி நாட்காட்டிகள் வந்தன. அந்நாட்காட்டித் தெய்வங்களுக்கு முகம் கொடுத்தவர்களுள் தலையாயவர் கோவில்பட்டி சி. கொண்டையராசு. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். திருவண்ணாமலையில் இரமண முனிவரை அடைந்து சிலகாலம் வாழ்ந்தவர். பின் நாடகக் குழு ஒன்றில் திரைச்சீலை எழுதுபவராகச் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றியவர். குழு கலைந்த ஊரான கோவில்பட்டியிலேயே தங்கி, ஒளிப்படக்கூடத்தின் துணையோடு மாணவர் பலரை உருவாக்கி, 1976இல் மறைந்தார். பரோடாவும் மைசூரும் அழைக்காத ஓர் ஓவியரின் பயணம் இது. பயணப்படி கொடுத்தவை நாடகக் கொட்டகைகள். மைசூரில் நம் இல்லங்களில் தொங்கும் முருகனும் மீனாட்சியும் பலவேளை அவர் மரபில் வந்தவர்களே. அப்படங்களின் கீழே கடைப் பெயர் இருக்கும், வணிகச் சின்னம் இருக்கும். ஓவியர் பெயரைக் கண்ணாடி வைத்துத் தேட வேண்டும்.

சென்னையில் தற்கால ஓவியர் இதே வயிற்றுச் சிக்கலை வேறுவிதமாகத் தீர்க்க முயன்றனர். கோயம்புத்தூரில் 1911இல் பிறந்த கே. சி. எசு. பணிக்கர் 1954இல் ஐரோப்பா சென்று தம் படங்களைக் காட்சிக்கு வைத்துவிட்டு வந்தார். மேனாட்டைக் கண்டு வந்தபின் நம் நாட்டுக்குரிய முறை எது என்னும் கேள்வி அவரை விடவில்லை. சாதகக் கட்டங்களையும் எழுத்துக்களையும் நினைவூட்டும் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசை 1963 முதல் அவர் கையில் உருவாயிற்று. ஓவியப் பள்ளியின் முதல்வராயிருந்த அவர், படித்து முடித்த மாணவர் வேலை தேடி ஓவியத்தையே துறப்பதைக் கண்டார். எனவே அவர்கள் கூடித் துணிகளில் பாத்திக் வேலை செய்து விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு 1966இல் மாமல்லபுரச் சாலையில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் கலைஞர் சிற்றூரை அமைத்தனர். பகலில் கைத்தொழில், எஞ்சிய பொழுதில் ஓவியம் என்பது அவர்கள் கண்ட வழி. துணியில் செய்தது வயிற்றுக்கு; சட்டத்தில் மாட்டியது பெயருக்கு. அரசர் இல்லாத காலத்தில் இதைவிட மானமுள்ள ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

கைத்தொழில் வயிற்றுக்கு, ஓவியம் பெயருக்கு என்னும் அப்பிரிவினையே இல்லாத இடம் ஒன்று நம் அருகில் இருக்கிறது. அது மண்டி மொஹல்லா. மண்டி என்னும் சொல்லை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அரிசி மண்டியும் வெல்ல மண்டியும் நாம் வளர்ந்த ஊர்களிலும் இருந்தவையே. உருதும் கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் ஒலிக்கும் அப்பேட்டையின் சந்துகளில், ஈட்டி மரத்தில் வண்ண மரங்களைப் பதித்துப் படம் செய்யும் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். பெரும்பாலோர் முசுலிம் குடும்பத்தினர். 1897இல் பழைய அரண்மனை தீக்கிரையானபின், என்றி இர்வின் திட்டப்படி 1912இல் நிறைவெய்திய புதிய அரண்மனையில், யானைத் தந்தம் பதித்த கதவுகளை நாம் கண்டு வியக்கிறோம். அத்தகைய வேலைத்திறனின் வழியில் வந்தவர்களே இவர்களும்.

இவ்வேலையில் தூரிகை இல்லை, சாயமும் பெரும்பாலும் இல்லை. மஞ்சள் வேண்டுமாயின் பலா மரம். வெளிறிய நிறம் வேண்டுமாயின் ரப்பர் மரம். இருள் வேண்டுமாயின் ஈட்டியே இருக்கிறது. படத்தைத் தாளில் எழுதி, ஒவ்வோர் உறுப்பையும் மெல்லிய மரத்தில் நுண்ணிய ரம்பத்தால் அறுத்து, அடிப்பலகையில் உளியால் அதே வடிவில் குழி எடுத்து, பசையிட்டுப் பொருத்தி, உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றுகின்றனர். ஒரு சேலை மடிப்புக்கு மரத்தின் இழை எத்திசையில் ஓட வேண்டும் என்பதை அறுப்பதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும். வண்ணம் பூசுபவர் தவற்றின்மேல் மறுபடியும் பூசலாம். இவர்களுக்கு அவ்வசதி இல்லை. முன்பு வெண்மைக்குத் தந்தம் பயன்பட்டது. 1986க்குப் பின் தந்த வாணிகம் தடைப்படவே, பிளாசுடிக் அவ்விடத்தைப் பிடித்தது. 2017 முதல் ஈட்டி இன மரங்கள் அனைத்தும் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தமையால், வெளிநாடு செல்லும் பலகைக்கு இப்போது தனித்தாள்கள் வேண்டும். ஆகவே பலகை பயணம் செய்வதற்குச் சான்றிதழ் உண்டு. செய்தவர் பெயரைக் கேட்கும் கட்டம் அதில் எங்குள்ளது என்று நான் தேடியதுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அலுவலகத்தில் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவருக்கு அன்பளிப்பு வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. விளக்கேந்திய பெண்ணின் உருவத்தையே பதிவேலையில் செய்து தரச் சொன்னோம். கடைக்காரர் என்னை மண்டி மொஹல்லாவில் ஒரு சிறு பட்டறைக்கு அனுப்பினார். முதியவர் ஒருவர் சன்னலோரம் அமர்ந்து அப்பெண்ணின் விரல்களைப் பொருத்திக்கொண்டிருந்தார். ஒளி படும் விரலுக்கு மட்டும் ஐந்து வகை மரங்களை எடுத்து வைத்திருந்தார். அல்தங்கரின் பெயரை அவர் அறிந்திருந்தார். இரவிவர்மா என்று நான் சொல்லிப் பார்த்தபோது, 'இல்ல சார், அது வேற ஆளு. பம்பாய்க்காரரு' என்று என்னைத் திருத்தினார். கலைக்கூடத்திற்கு நான் அழைத்துச் சென்ற விருந்தினரில் பட்டதாரிகள் பலர் உண்டு; இத்திருத்தத்தைச் சொன்னவர் அவர் ஒருவரே.

'உங்க பேரைப் பலகையில் எங்காவது போடுங்களேன், பாய்' என்றேன். 'எதுக்கு சார்? பில்லுல கடைப் பேர் இருக்குமே' என்றார். நான் விடவில்லை. சற்று நேரம் யோசித்தவர், பலகையைத் திருப்பி, பின்புறத்து மூலையில் உருது எழுத்தில் பென்சிலால் ஏதோ எழுதினார். எனக்கு அவ்வெழுத்துப் படிக்கத் தெரியாது. பக்கத்துப் பட்டறை இளைஞர் படித்துச் சொன்னார்: பெரியவரின் பெயர், அவருடைய தந்தையாரின் பெயர், பதினெட்டு நாள் வேலை. தந்தையாரிடமே தொழில் கற்றதாகவும், அவர் தம் வாழ்நாளில் மைசூரை விட்டு வெளியூர் போனதே இல்லை என்றும் பெரியவர் கூறினார். பலகைகள் மட்டும் பம்பாய்க்கும் தில்லிக்கும் கப்பலேறி அயல்நாட்டுக்கும் சென்றனவாம்.

அலுவலகக் கணக்கில் ஒட்டிய பட்டியலில் கடையின் பெயரும் தொகையும் உள்ளன. பெரியவரின் பெயரையும் அவர் தந்தையார் பெயரையும் என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இம்மலருக்காகக் கேட்டபோது, அச்சில் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டபடியால் இங்குத் தரவில்லை. பலகையை அதிகாரி தம் சொந்த ஊரான கும்பகோணத்துக்குக் கொண்டு சென்றார். சுமை கூலியைத் தம் கையிலிருந்தே கொடுத்தார்.